சோதனைத் தாளுக்கு முன் தொழிலைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை அடுத்து எந்தத் துறையில் சேர்ப்பது என்று பல குடும்பங்கள் தவித்துக்கொண்டிருக்கும் இவ்வேளையில், தொழில் வழிகாட்டலில் பயன்படும் ஆளுமைச் சோதனைகளையும் உளச்சார்புச் சோதனைகளையும் பற்றித் தங்கள் நாளிதழின் வழி பெற்றோரிடம் பேச விரும்புகிறேன். செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு 23 ஆண்டுகள் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

அண்மையில் ஜார்ஜ்டவுனில் ஒரு கல்விக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். கல்லூரிகளின் கூடங்களைவிட, பிள்ளைகளின் பத்து விரல்களையும் கருவியில் பதித்து ரேகையைக் கொண்டு அவர்களின் எதிர்காலத் தொழிலைச் சொல்லும் ஒரு கூடத்தில்தான் கூட்டம் அலைமோதியது. கட்டணம் சில நூறு ரிங்கிட். “விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா, டீச்சர்?” என்று வரிசையில் நின்ற தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. விரல் ரேகை, குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது. ஆளை அடையாளம் காண்பதற்கு அது மிகவும் பயன்படும். ஒருவன் பொறியியலாளர் ஆவானா கணக்காளர் ஆவானா என்பதை அது சொல்லாது. இவ்வகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019 ஆம் ஆண்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது.

அறிக்கையைப் படித்த பெற்றோர் “அப்படியே என் பிள்ளைதான்” என்று வியப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1948 இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதைப் போல ஒரு விளக்கத்தைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாரிடமும் இருந்தது ஒரே விளக்கம். அதன் வரிகளில் பலவற்றை அவர் ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார். “உனக்குள் இன்னும் பயன்படுத்தாத திறன் உண்டு” என்று சொன்னால் மறுக்கும் மனிதர் யார்?

முறையான சோதனைகளின் நிலை வேறு. நம் நாட்டுப் பள்ளி சார்ந்த மதிப்பீட்டிலேயே உளவியல் அளவீடு ஓர் அங்கமாக இருக்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் எந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதைப் பெற்றோர் பிரித்தறிய வேண்டும். வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பது, எண் தொடர்களைப் புரிந்துகொள்வது போன்றவற்றை நேரம் குறித்து அளப்பது உளச்சார்புச் சோதனை. அதில் விடைகளுக்குச் சரி, தவறு உண்டு. பயிற்சியால் மதிப்பெண் உயரவும் கூடும். ஆளுமைச் சோதனையிலும் ஆர்வச் சோதனையிலும் சரி, தவறு என்பதே இல்லை. பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் அவை தொகுத்துத் தருகின்றன. இன்று இளையோர் கைப்பேசியில் செய்து பார்க்கும் நான்கு எழுத்து, பதினாறு வகைச் சோதனையில், சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளித்தால் எழுத்து மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. அதன் மூலமான மையர்ஸ்-பிரிக்ஸ் (எம்.பி.டி.ஐ.) சோதனையை நடத்துவோரே, வேலைக்கு ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறார்கள்.

என்னை நெடுங்காலமாக உறுத்தி வருவது ஆர்வச் சோதனையைப் பற்றிய ஒரு கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959 இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி தொழில் ஆர்வங்களைச் செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை என ஆறாக வகுத்துப் பள்ளிகளில் இச்சோதனையை நடத்துகிறோம். நல்ல கருவிதான். ஆனால் “இந்த வேலையைச் செய்ய விரும்புவாயா?” என்று கேட்டால், அந்த வேலையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை என்ன விடை சொல்லும்?

நான்காம் படிவ மாணவி ஒருத்தி எனக்கு நினைவில் இருக்கிறாள். தந்தை லாரி ஓட்டுநர், தாய் காலையில் நாசி லெமாக் விற்பவர், வீட்டில் இவளுக்குக் கீழே மூன்று தம்பி தங்கையர். இயந்திரம், கருவி, பழுதுபார்ப்பு என்று வந்த கேள்விகளுக்கெல்லாம் “விருப்பமில்லை” என்று குறித்திருந்தாள். பிறரைப் பராமரிக்கும் கேள்விகளுக்கெல்லாம் “விருப்பம்”. முடிவு சமூகப் பிரிவு என்று வந்தது; தாதியர் பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் தாளைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். பலரை அப்படி அனுப்பியும் இருக்கிறேன். அன்று உட்கார வைத்துப் பேசினேன். பேச்சுவாக்கில், வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் கழற்றிச் சரிசெய்வது தான்தான் என்றாள். அதை ஏன் தாளில் குறிக்கவில்லை என்று கேட்டதற்கு, “அது வீட்டு வேலைதானே, டீச்சர்?” என்றாள். அது ஒரு தொழில் என்றோ, பெண்கள் அதைச் செய்து சம்பளம் வாங்குகிறார்கள் என்றோ யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. பினாங்குப் பாலத்தைக் கடந்தால் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972 முதல் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989 இல் தொடங்கியதும் அங்கேதான். பிறையில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண் அவற்றின் வாசலைக்கூடக் கண்டதில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர் சிலரை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றோம். திரும்பி வந்து அதே சோதனையைச் செய்தபோது அவளுடைய விடைகளில் பாதிக்கு மேல் மாறியிருந்தன. மகள் தாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட தாயாருக்கு என் மேல் வருத்தம்தான். அது தீர இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று அவள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறாள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து மலாய்மொழியில் இன்னும் தடுமாறும் பிள்ளைக்குக் கேள்வியின் நுட்பம் பிடிபடாமல் போவதும் உண்டு. புரியாத இடத்தில் நடுவில் இருக்கும் கட்டத்தைக் குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். அறிக்கையோ “தெளிவான ஆர்வம் இல்லை” என்று சொல்லும். ஆகவே பெற்றோர் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், அதை விளக்கும் ஆசிரியரோடு பிள்ளையையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாவது பேச வேண்டும். வெளியே பணம் கொடுத்துச் செய்வதானால், நடத்துபவர் 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு தொழிலை, அதைச் செய்துகொண்டிருக்கும் நம்மவர் ஒருவரின் வாய்மொழியாகவே வெளியிடுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், கையில் என்ன கருவி பிடிக்கிறார், எங்கே படித்தார், முதல் சம்பளம் எவ்வளவு, எது சலிப்பூட்டுகிறது என்றெல்லாம். பற்றவைப்பவர், ஆய்வுக்கூட உதவியாளர், துறைமுகப் பாரந்தூக்கி இயக்குபவர் என முதல் பத்து வாரங்களுக்கான ஆட்களைப் பினாங்கில் தேடித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழிகாட்டி ஆலோசனை ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு