வெளியூர் மட்ச் பயணக் குழு: 2024-25 சீசன் செயலாளர் அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன முறை மாதிரி நீட்டி வாசிச்சால் தேத்தண்ணி ஆறிப்போகும் எண்டு தலைவர் முதலே சொல்லிப்போட்டார், அதால நேரா விசயத்துக்கு வாறன்.

2024இல எங்கட லண்டன் புட்போல் கிளப் சட்டன் யுனைட்டட், இங்கிலாந்தின்ர நாலாம் படியான லீக் டூவில இருந்து இறங்கி அஞ்சாம் படியான நேஷனல் லீக்குக்கு வந்ததோட எங்கட பயணக் கணக்கும் மாறிப்போச்சு. 46 லீக் மட்ச்சில 23 வெளியூரில. வோக்கிங், ஆல்டர்ஷொட் எண்டால் ரயிலில போயிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்ட வந்திடலாம், கேட்ஸ்ஹெட் எண்டால் போக மட்டும் 300 மைல் கிட்ட, போய்ப் பாத்தால் கிரவுண்டைச் சுத்தி ஓட்டப்பாதை, கோல் அடிச்சது எங்கட பெடியனோ அவங்கட பெடியனோ எண்டு பக்கத்தில நிக்கிறவரைக் கேக்க வேண்டிக்கிடக்கு. மொத்தம் 9 பயணம் போனனாங்கள். கோச் பஸ் ஒண்டும் வாடகைக்குப் பிடிக்கேல்லை, ஏனெண்டால் வாட்ஸ்அப்பில கை தூக்குற 30 பேரில விடிய 6 மணிக்கு ஸ்டேசன் வாசலில நிக்கிறது 11 பேர்தான் (பேர் சொல்லேல்லை, உங்களுக்கே தெரியும்).

அதால மினிபஸ். இதிலதான் இப்ப பெரிய சிக்கல். 1997 ஜனவரி 1க்கு முதல் கார் டெஸ்ட் பாஸ் பண்ணினவையின்ர லைசென்ஸில டி1 (மினிபஸ் ஓடுற அனுமதி) தானா இருக்கும், பிறகு பாஸ் பண்ணின பெடியள் அதுக்கெண்டு வேற டெஸ்ட் எடுக்க வேணும். ஆக, எண்பதுகளில இஞ்ச வந்து பெற்றோல் செட்டில வேலை செய்துகொண்டு டெஸ்ட் எடுத்த இரண்டு அண்ணைமாரை நம்பித்தான் இந்தச் சங்கமே ஓடுது. பெரியண்ணைக்கு வாற வருசம் 70. அதோட டி1 போயிடும், டொக்டரிட்டக் காட்டி படிவம் நிரப்பி அனுப்பினால்தான் திரும்பக் கிடைக்கும். ஆக்களிட்டக் காசு சேர்த்து ஓடுறபடியால் செக்சன் 19 பெர்மிட்டும் (லாபம் பாக்காத சங்கங்கள் காசு வாங்கி ஆக்களை ஏத்துறதுக்கான அனுமதி) எடுத்தாச்சு, அதுக்கு முந்தி எப்பிடி ஓடினனாங்கள் எண்டதை இந்த அறிக்கையில எழுதேல்லை.

மினிபஸ் மெதுவாப் போகுது எண்டு பின் சீட்டில இருந்து சத்தம் போடுறவைக்கு: 62 மைலுக்கு மேல போக விடாமல் லிமிட்டர் பூட்டியிருக்கு, மோட்டர்வேயில வலப்பக்கக் கடைசி லேனுக்கும் போக ஏலாது. அண்ணையில பிழை இல்லை. போத்தல் கொண்டுவாறவைக்கும் சொல்லுறன், 1985இல வந்த சட்டப்படி மட்ச்சுக்குப் போற மினிபஸ்ஸுக்குள்ள குடி கூடாது. எங்களுக்குக் கீழ இருக்கிற லீக்குகளில கையில பியரோட கோட்டடியில நிண்டு பாக்கலாம், ஆனா அதுக்காகக் கீழ இறங்கச் சொல்லி ஒருத்தரும் கும்பிட வேண்டாம்.

இந்த வருசத்தில எனக்கு நல்லாப் பிடிச்சது ஃபொரஸ்ட் கிரீன் கிளப்பின்ர கிரவுண்டுக்குப் போன பயணம். அவையும் எங்களோட சேர்ந்துதான் இறங்கினவை. அவையின்ர ஊர் நெயில்ஸ்வேர்த்தில ரயிலே இல்லை, மலையில ஏறிப் போனால் கிரவுண்ட், 2015இல இருந்து அங்க இறைச்சி, மீன், பால், முட்டை ஒண்டும் விக்கிறேல்லை. இத்தனை வருசமா எல்லா கிரவுண்டிலயும் வெறும் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிண்ட, மச்சம் தொடாத எங்கட அக்கா அண்டைக்குத்தான் ஒண்டையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிட்டவ. அவவின்ர மனுசன் கார் பார்க்கில மினிபஸ்ஸுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டவர்.

குறை எண்டால் ஒண்டு. வடக்கால திரும்பி வரேக்க ஒரு சேர்விஸ் ஸ்டேசனில ஆக்களை எண்ணினது நான்தான், 11 சரியா இருந்தது, அதில ஒண்டு சீட்டில கிடந்த ஜக்கெட் எண்டு இருபது நிமிசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. விட்டிட்டு வந்தது பொருளாளரை. காசுப் பையும் அவரிட்ட. இதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்.

டி1 டெஸ்ட் எடுக்க விருப்பமான 45 வயதுக்கு உட்பட்டவை கூட்டம் முடிய என்னட்டப் பேர் தாங்கோ, பாதிச் செலவு சங்கம் தரும் எண்டு செயற்குழு சொல்லியிருக்கு. அடுத்ததாப் பொருளாளர் கணக்கு வாசிப்பார், ஆள் மண்டபத்துக்குள்ள இருக்கிறார், இந்த முறை பாத்திட்டுத்தான் சொல்லுறன்.