ஃபார்மேட் அடிக்கும் முன் பைட்டை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தேர்வு நுழைவுச்சீட்டு என்று டெல்டாவின் கிராமங்களில்கூட எல்லாமே இப்போது டவுன்லோடுதான். இறக்கிய கோப்பு திறக்கவில்லை என்று கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்றால், பல இடங்களில் முதலில் வரும் பதில் "வைரஸ், ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதுதான். அதில் குடும்பப் படங்களும் பத்திர நகல்களும் போய்விடும். கோளாறு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்பு வரும் வழியில் அறுந்ததா, வீட்டுக்குள் வந்தபிறகு கெட்டதா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதை வீட்டிலேயே செய்யலாம்.

கெடாத கோப்பையும் கெட்டதாக எண்ணிப் பலர் திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள். இ-ஆதார் பிடிஎஃப்பில் கையெழுத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால், அந்த டிஜிட்டல் கையெழுத்தை உங்கள் கணினி இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள், அவ்வளவே. பழைய வேர்டு கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குவியலாகத் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும்.

உண்மையிலேயே திறக்காத பிடிஎஃப் என்றால் அதன் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்' வழியாக நோட்பேடில் திறந்து பாருங்கள். நல்ல கோப்பானால் முதல் வரி ஒரு சதவீதக் குறியோடும் அதை ஒட்டிய பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். கடைசி வரியில் இரண்டு சதவீதக் குறிகளும் இஓஎஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். தலை இருந்து வால் இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்தது. முதல் வரியிலேயே கோண அடைப்புக்குறியும் எச்டிஎம்எல் என்ற சொல்லும் தெரிந்தால், வந்தது ஆவணமே இல்லை. லாகின் நேரம் முடிந்துபோனதால் தளம் அனுப்பிய வலைப்பக்கம் பிடிஎஃப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. சில கேபி மட்டுமே உள்ள பிடிஎஃப் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளியேறி, மறுபடி உள்ளே போய், உடனே இறக்கினால் சரியாகிவிடும். எங்கள் பகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அளவு சரியாக இருந்தும் நோட்பேடு முழுக்க வெறுமையாகத் தெரிவது. வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) எழுதி முடிக்கும் முன் கரண்ட் போயிருக்கிறது. கோப்பின் பெயரையும் நீளத்தையும் விண்டோஸ் பதிந்துவிட்டது, உள்ளடக்கம் போய்ச் சேரவில்லை.

அளவை ஒப்பிடும்போது எம்பியை நம்ப வேண்டாம். தளத்தில் 100 எம்பி என்று இருப்பது விண்டோஸில் 95.3 எம்பியாகத் தெரியலாம். ஒருவர் 1,000 கணக்கில் பெருக்குகிறார், மற்றவர் 1,024 கணக்கில். 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'சைஸ்' என்பதற்கு நேரே அடைப்புக்குறிக்குள் உள்ள பைட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதன் கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறு கணக்கு.

பாதியில் அறுவதற்கு டெல்டாவில் முதல் காரணம் மின்சாரம். பம்பு செட்டுகள் சேர்ந்து ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் தாழ்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. கணினிக்கு யுபிஎஸ் வைத்திருப்பவர்கள்கூட ஃபைபர் மோடத்தைச் சுவரிலுள்ள சாதாரண பிளக்கில்தான் செருகியிருக்கிறார்கள். ஒரு நொடி கரண்ட் போனாலும் மோடம் அணைந்து, திரும்ப இணைப்புப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். கணினி அணையாததால் நடந்தது யாருக்கும் தெரிவதில்லை. கோப்பின் மொத்த அளவை முன்கூட்டியே சொல்லாத தளங்களில், இணைப்பு அறுந்ததையே கோப்பு முடிந்ததாக பிரவுசர் எடுத்துக்கொள்ளக்கூடும்; பாதிக் கோப்புக்கு முழுப் பெயர் கிடைத்துவிடுகிறது. இறங்கும்போது மீதி நேரம் காட்டாமல் வெறும் எம்பி மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் அது அப்படிப்பட்ட தளம் என்று அறியலாம். மோடத்தையும் யுபிஎஸ்ஸில் சேருங்கள், அல்லது அதன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டுக்கு ஏற்ற சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'ஈகோ', 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. கணினி உள்ள வீட்டில் அது யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். ஈகோ பக்கம் இருந்தால் கரண்ட் மாறும் அந்த இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அளவு பைட் பிசகாமல் சரி, ஆனாலும் ஜிப் கோப்பு 'சிஆர்சி ஃபெயில்ட்', அதாவது உள்ளடக்கம் பிசகியிருக்கிறது, என்கிறது என்றால் விசாரணை வேறு பக்கம் திரும்ப வேண்டும். எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து வரும் தரவில் வழியில் ஒரு எழுத்து மாறினாலும் இணைப்பே முறிந்துவிடும். ஆகவே முழுசாக வந்து உள்ளே கெட்டிருக்கும் கோப்புக்கு இணையக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கேதான் ஹேஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கோப்பின் கைரேகை, உதவுகிறது. 7-ஜிப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்பதற்குள் எஸ்எச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுக்கலாம். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

தளத்தில் ஹேஷ் கொடுக்கவில்லையா? கவலை வேண்டாம். 2 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை எடுத்து ஹேஷ் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து அதே கோப்புக்கு மறுபடி கணக்கிடுங்கள். இரண்டும் வேறாக வந்தால் கோளாறு ரேம், வட்டு, இரண்டையும் இணைக்கும் கேபிள் ஆகியவற்றில் ஒன்றில்தான். இரண்டும் ஒன்றாகவே வந்து, கெட்ட கோப்பைத் திரும்ப இறக்கியதிலும் அதன் பழைய வரிசையே வந்தால், பிரவுசர் தான் சேமித்து வைத்த பழைய கோப்பையே கொடுக்கிறதா என்று இன்காக்னிட்டோ ஜன்னலில் இறக்கிப் பாருங்கள். டவுன்லோடு மேனேஜர் வைத்திருப்பவர்கள் இணைப்பு எண்ணிக்கையை 8-லிருந்து 1-ஆகக் குறைத்துப் பார்க்கலாம். துண்டு துண்டாக இறக்கி ஒட்டுவதில் ஒரு துண்டு பிசகினாலும் போதும்.

ரேம்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்தவுடன் புதிது வாங்கிவிட வேண்டாம். நாகை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் ரேமின் தொடுமுனைகள் மங்கிப்போவது உண்டு. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ரேமைக் கழற்றி, பொன்னிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, இரு ஓரக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை திரும்பச் செருகுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தங்கப் பூச்சு உரிந்துவிடும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது என்று பிடிபடும்.

வட்டின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். சி5 வரியில் எண் ஏறிக்கொண்டிருந்தால் வட்டு தேய்கிறது. முதலில் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டுத்தான் வட்டைச் சோதிக்கும் விண்டோஸின் செக் டிஸ்க் ஓட்ட வேண்டும். சாகும் தறுவாயில் உள்ள வட்டை முழு ஸ்கேனில் விட்டால் மிச்சமும் போகும். சி7 வரி மட்டும் ஏறுகிறது என்றால் வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். வட்டு நன்றாகவே இருக்கக்கூடும்.

பென்டிரைவுக்கு ஒரு வார்த்தை. எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு நிற்காது, எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட் வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. பெரிய கோப்புகளை வெளியிடும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் டவுன்லோடு பொத்தானின் அருகில் கோப்பின் பைட் அளவையும் எஸ்எச்ஏ-256 வரிசையையும் அச்சிட வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடுபவர்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள். பக்கத்தில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டியில் ஒரு மாணவி, விண்ணப்பம் முடியும் கடைசி நாள் இரவில், தன் கையில் இருப்பது முழுக் கோப்பா அரைக் கோப்பா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வாள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர்,
மன்னார்குடி.