எஞ்சினுக்கு அளவு மீறிய கார்புரேட்டரைப் பரிந்துரைத்தது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 1970 செவ்ரோலெட் சி10 டிரக்குக்குப் பொருந்தாத கார்புரேட்டர், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என்னுடைய 1970ஆம் ஆண்டு சி10 பிக்கப் டிரக்கில், தொழிற்சாலையில் பொருத்திய 307 கன அங்குல வி8 எஞ்சின்தான் இன்றும் ஓடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் அதன் பழைய டூ பேரல் (இரு காற்றுக்குழாய்) கார்புரேட்டரின் திராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசியத் தொடங்கியதால், தங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவைத் தொலைபேசியில் அணுகினேன். எஞ்சினின் கொள்ளளவு, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மாற்றப்படவில்லை என்பது, ஆட்டோமேட்டிக் கியர், நிமிடத்துக்கு 4,600 சுழற்சிக்கு மேல் நான் ஓட்டுவதில்லை என்பது ஆகிய அனைத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்ட தங்கள் ஊழியர், 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி காற்றைச் செலுத்தும் திறன்) கொண்ட ஃபோர் பேரல் (நான்கு காற்றுக்குழாய்) கார்புரேட்டரையும், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் அதற்கேற்ற இன்டேக் மேனிஃபோல்டையும் பரிந்துரைத்தார். நம்பி இரண்டையும் வாங்கினேன்.

பொருத்திய நாள் முதல், நின்ற இடத்திலிருந்து புறப்பட ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் திணறுகிறது. சில வேளைகளில் அணைந்தும் போகிறது. இரண்டே வாரத்தில் ஸ்பார்க் பிளக்குகள் கரி படிந்து கறுத்துவிட்டன. கேலனுக்கு 14 மைல் ஓடிய வண்டி இப்போது 10 மைலைத் தாண்டுவதில்லை.

இதன் காரணம் எளிய கணக்கிலேயே தெரிகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது; ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம் என்பதால், 307ஐ 4,600ஆல் பெருக்கி, 1,728இன் இரு மடங்கான 3,456ஆல் வகுத்தால் ஏறத்தாழ 409 கன அடி வருகிறது. மாற்றம் செய்யப்படாத பழைய எஞ்சின் அதிலும் 80 விழுக்காடு அளவுக்கே நிரம்பும் என்று கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 327 கன அடி போதும். அதைப் போல் இரு மடங்குக்கு மேலான கார்புரேட்டரில், குறைந்த வேகத்தில் வென்சுரி எனும் குறுகிய பகுதி வழியே செல்லும் காற்று தளர்ந்துவிடுவதால், பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படாமலும் நுண்துளிகளாகச் சிதறாமலும் போகிறது.

புகார் செய்தபோது, சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் அளவுத்துளை) போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஜெட் பெட்ரோலின் அளவை மாற்றுமே தவிர, வென்சுரியின் வாயைச் சுருக்காது. பின்னிரண்டு பேரல்களும் தேவைக்கேற்பத்தான் திறக்கும் என்றும் ஒருவர் விளக்கினார். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப அவை தானே திறக்கும் வாக்குவம் செகண்டரி கொண்டவற்றுக்கு அது பொருந்தும். தாங்கள் அனுப்பியதோ மிதியின் இணைப்பாலேயே திறக்கும் மெக்கானிக்கல் செகண்டரி வகை. தாங்கள் விற்ற பொருளையே தாங்கள் எடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

இறுதியாக, பெட்ரோல் பட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று மறுத்துவிட்டீர்கள். பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்காமல் ஒரு கார்புரேட்டரின் பொருத்தத்தை அறிவது எவ்வாறு?

மேனிஃபோல்டுக்கு நான் பணம் கேட்கவில்லை. 390 சிஎஃப்எம் வாக்குவம் செகண்டரி கார்புரேட்டர் ஒன்றுக்கு அது பயன்படும். 750 சிஎஃப்எம் கார்புரேட்டரின் முழு விலையையும் அதைத் திருப்பி அனுப்பும் செலவையும் 15 நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விலைச்சீட்டின் நகலும் ஸ்பார்க் பிளக்குகளின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்