கிராம சபைத் தீர்மானத்துக்கு ஒரு பதில் வேண்டும்: மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபையின் அறிக்கையும் புகைப்படங்களும் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டிய ஊர் என்பதால், கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது 200 பேர் வர வேண்டும். அதற்காக நூறு நாள் வேலை ஆட்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கியதும் வழக்கம்போல நடந்தது. சரி, அது கிடக்கட்டும்.

அங்கன்வாடியை ஒட்டி நிற்கும் பழைய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை இடிக்கச் சொல்லி மே 1 அன்று தீர்மானம் போட்டோம். ஆகஸ்ட் 15 அன்று மறுபடியும் போட்டோம். இந்த முறை ஒரு பிள்ளையின் அம்மா எழுந்து, "என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். அரசு சார்பில் கூட்டத்தைப் பார்க்கப் பற்றாளராக வந்த அலுவலர், "அதான் ஏற்கெனவே தீர்மானம் போட்டாச்சேம்மா, திரும்ப எதுக்கு?" என்றார். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

தொட்டியின் தூண்களில் சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. பலமாகக் காற்றடித்தால் காரை உதிர்கிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலிருக்க அங்கன்வாடி டீச்சர் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, குறுக்கே பழைய சேலையைக் கட்டி வைத்திருக்கிறார். ஆனால் கழிவறை தொட்டிக்கு அப்பால் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். ஆயா விடுப்பில் இருந்தால் அறை மூலையில் ஒரு வாளி வைக்கிறார்கள். அந்த அறையில்தான் சத்துணவும் சாப்பிடுகிறார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தால், "திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்" என்கிறார்கள். மனு கொடுத்தால் ஓர் எண் கிடைக்கிறது, செல்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. ஊரே கூடிப் போட்ட தீர்மானத்துக்கு அந்த எண்கூட இல்லை. கிராம சபைக்கு இடமளிக்கும் ஊராட்சிகள் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் தனி ஆள் எழுதும் ஒரு தாளுக்கு இருக்கிற மதிப்பு கிராம சபைக்கு இல்லையென்றால், எதற்காக எங்களைக் கூப்பிடுகிறீர்கள்?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலைக் கூட்டத்தில் முதல் பொருளாகப் படிக்க வேண்டும்.

முதல் பொருளாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டப் பொருள் பட்டியல் சென்னையிலிருந்து வருகிறது. டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என எல்லாம் நல்ல விஷயங்கள்தான். வாசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஊர் விஷயம் கடைசியில் 'இதர பொருட்கள்' என்று வருகிறது. 2022-இல் நான்கு கூட்டங்களை ஆறாக உயர்த்தினார்கள். பதில் சொல்லாத கூட்டம் நான்காக இருந்தால் என்ன, ஆறாக இருந்தால் என்ன? பந்தல்காரருக்கு வேண்டுமானால் லாபம்.

மேலூர்ப் பக்கத்து கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024-இல் தீர்மானம் போட்டன. அதோடு விடவில்லை, மக்கள் மதுரை வரை பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரியில்தான் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022-லிருந்து தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறது. பெரிய திட்டங்களின் கதை வேறு, அரசுக்கு அதில் ஆயிரம் கணக்கு இருக்கும். ஒரு தண்ணீர்த் தொட்டியை இடிக்கவும் நாங்கள் மாவட்டத் தலைநகருக்கு நடந்து வரத்தான் வேண்டுமா?

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கு ஒரு நாளில் எத்தனை கோப்புகள் வரும் என்பது தெரியாமலில்லை. 'நிதி இல்லை' என்று பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம், வேறு வழி பார்த்துக்கொள்வோம். 'பொறியாளர் பார்த்துவிட்டார், ஆபத்தில்லை' என்றால் அதையும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், குறுக்கே கட்டிய அந்தச் சேலையை எடுத்துவிடுகிறோம். எதுவானாலும் எழுத்தில் வேண்டும்.

அடுத்த கிராம சபை நவம்பர் 1. மே, ஆகஸ்ட் மாதத் தீர்மானங்களின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்றைய கூட்டத்தில் பற்றாளர் படிக்கும்படி ஒரு பதிலை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிராம சபை உறுப்பினர் ஒருவர்