தொகையைக் கூட்டினீர்கள், திகதியையும் சொல்லுங்கள்

பல்கலைக்கழக மாணவர் நிதியுதவிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த மேசைக்கு எழுதுவது என்று தெரியாததால் எல்லா மேசைகளுக்கும் பொதுவாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளின் உதவிப்பணம் எப்போது வரும் என்று வளாகத்தில் கேட்டால், கொழும்பிலிருந்து காசு வரவேண்டும் என்கிறார்கள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தால், உங்கள் வளாகத்திலிருந்து பட்டியல் வரவேண்டும் என்கிறார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதைப்படகுகூட இரண்டு கரைகளில் ஏதாவது ஒன்றில்தான் நிற்கும். உங்கள் கோப்பு எந்தக் கரையில் நிற்கிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் கலைப்பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மகாபொல என்ற மாதாந்தப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பேர்சரி என்ற மாதாந்த உதவிப்பணம் கிடைத்தது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கையொப்பம் வாங்கி வருமானச் சான்றிதழைக் கொடுத்தோம். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு அவளுடைய பெயரைப் பட்டியலில் சேர்த்தீர்கள். ஆகவே நாங்கள் வறியவர்களா இல்லையா என்ற விசாரணை முடிந்துவிட்டது. அதில் எங்களுக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சென்ற கிழமை மகளோடு நானும் வளாகத்துக்குப் போயிருந்தேன். கருமபீடத்தில் இருந்த தம்பியிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்: இந்தக் காசு எத்தனையாம் திகதி வரும்? அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "வரும்போது வரும் அம்மா. வந்தால் கணக்கில் விழும்தானே." அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாராவது ஒரு திகதியைச் சொல்லியிருந்தால் அவர் எனக்குச் சொல்லியிருப்பார். அவருக்கே சொல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தினீர்கள். வானொலியில் கேட்டபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எங்கள் பிள்ளைக்கு விடுதி முதலாம் வருடத்தோடு முடிந்துவிட்டது. இப்போது வளாகத்துக்கு வெளியே ஒரு வீட்டில் வேறு மூன்று பிள்ளைகளோடு தங்கியிருக்கிறாள். அவளுடைய பங்கு வாடகை 5,000 ரூபா. அந்த 6,500 இலிருந்து அதைக் கழித்தபோது மிச்சம் நாளொன்றுக்கு 50 ரூபாதான் வந்தது. அந்த 50 ரூபாவில் என்ன சாப்பிடலாம் என்று உங்கள் சிற்றுண்டிச்சாலையிலேயே விசாரித்துப் பார்க்கலாம். ஆனாலும் தொகையைப் பற்றி இந்த மடலில் நான் வாதாட வரவில்லை. மிச்சத்துக்கு அரிசியும் தேங்காயும் கருவாடும் நாங்கள் கட்டிக் கொடுத்துவிடுவோம். எங்களுக்கு வேண்டியது திகதி.

திகதி தெரியாவிட்டால் என்ன நடக்கிறது என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். வேளாண்மை வெட்டுக்கு இன்னும் காலம் இருந்தது. வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் குத்தகைக்கு வயல் செய்கிற எந்த வீட்டிலும் அந்த மாதங்களில் காசு இருக்காது. பசளைக்கும் எண்ணெய்க்கும் போட்டது எல்லாம் வயல்வட்டையில் பச்சைப் பயிராக நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தொடர்ந்து இரண்டு மாதம் பேர்சரி வரவில்லை. மகள் எங்களிடம் சொல்லவில்லை. வாடகை கொடுக்க முடியாத வெட்கத்தில், வீட்டுக்கார அக்கா எழும்புவதற்கு முன்னர் விடியவே புறப்பட்டு நூலகத்துக்குப் போயிருக்கிறாள். பின்னேரம் அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து வந்து கிணற்றடியில் குளித்திருக்கிறாள். அந்த அக்கா ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒருநாள் அவரே எங்களுக்குத் தொலைபேசி எடுத்து, "வாடகை பிறகு பார்க்கலாம், பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளில்லை, வந்து பாருங்கள்" என்றார்.

அடுத்த நாள் என் தோட்டைக் கழற்றி வங்கியில் அடகு வைத்தேன். அரைப் பவுன் தோடு. என் அம்மா போட்டிருந்தது. காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பம் ஈர்க்கைச் செருகிக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊரில் இது ஒன்றும் புதுமையில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை, எல்லோருக்கும் விளங்கும். அடகுச் சீட்டில் எல்லாம் துலக்கமாக அச்சிட்டிருந்தது: எத்தனை கிராம், எவ்வளவு கடன், எத்தனை வீதம் வட்டி, எத்தனையாம் திகதிக்கு முன்னர் மீட்க வேண்டும்.

பிறகு ஒருநாள் நிலுவை 13,000 ரூபாவும் ஒன்றாகக் கணக்கில் விழுந்தது. "பார்த்தீர்களா, கொடுத்துவிட்டோம்தானே" என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்தீர்கள். ஆனால் அதில் ஒரு பகுதி அடகு வட்டிக்குப் போய்விட்டது. பிந்திக் கொடுத்த காசுக்கு அரசாங்கம் வட்டி சேர்த்துத் தரவில்லை. எங்களிடம் வட்டி வாங்கியதோ அரசாங்க வங்கி. பிந்தித் தந்ததில் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் நட்டமில்லை, சிறிது இலாபம்கூட. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. திட்டமிட்டிருந்தால் அதற்காவது ஒரு திகதி இருந்திருக்கும்.

ஐயா, அம்மா, வறுமைக்குள் இருந்துகொண்டு கணக்குப் பார்க்க எங்களுக்குத் தெரியும். பதினைந்தாம் திகதி காசு வரும் என்று உறுதியாகச் சொன்னால் வீட்டுக்காரர் பதினைந்து வரை பொறுப்பார். கடைக்காரர் கொப்பியில் எழுதிவிட்டுச் சாமான் தருவார். சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் இந்த மாதம் எனக்குத் தாருங்கள் என்று கேட்கலாம். இருபத்தெட்டாம் திகதிதான் வரும் என்றாலும் பரவாயில்லை, இருபத்தெட்டை வைத்துக்கொண்டு சமாளிப்போம். "வரும்போது வரும்" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒருவரிடமும் கைமாற்றுக் கேட்க முடியாது. திகதியோடு வந்திருந்தால் அந்த 6,500 ரூபாவின் பெறுமதி எங்களுக்கு முழுதாக 6,500. திகதி இல்லாமல் வந்தால் அதன் பெறுமதி என்னவென்று வட்டிக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

வட்டிக்காரர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஊருக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் தவணைக் காசு வாங்க நுண்கடன் கம்பனியின் மோட்டார் சைக்கிள் வரும். கார்த்திகை மழையில் வீதி தாழ்ந்து கிடந்தாலும் வரும். அந்தத் தம்பி ஒருநாளும் "வரும்போது வருவேன்" என்று சொன்னது கிடையாது. அவர்களிடம் பட்டு நொந்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அந்தக் கடனிலிருந்து எங்களை மீட்கிறீர்கள், மறுபக்கம் பேர்சரியைப் பிந்தவிட்டு அதே மோட்டார் சைக்கிளை எங்கள் படலைக்கு அனுப்பிவைக்கிறீர்கள்.

இன்னொரு வீட்டுக் கதையும் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு வளாகத்தில் படிக்கும் என் அண்ணனின் மகன், காசு பிந்திய மாதங்களில் கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் பெருநாள் வியாபாரத்துக்கு வேலைக்கு நின்றான். சம்பளம் கிடைத்தது, வகுப்பு வரவு போய்விட்டது. 80 சதவீத வரவு இல்லையென்றால் பரீட்சைக்கு அமர முடியாது என்று கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதம் ஒருநாளும் பிந்தவில்லை, திகதியும் போட்டிருந்தது. வரவு குறைந்த மாதங்களையும் பணம் வராத மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகாபொல நிதியச் சட்டம் வந்தது 1981இல். அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி கொண்டுவந்தது. அதே 1981இல்தான் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொந்த மாவட்டத்திலேயே பட்டப்படிப்பு என்ற நிலை வந்தது. உதவியும் படிப்பும் ஒரே ஆண்டில் எங்களைத் தேடி வந்தன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மகாபொல நிதியத்துக்கு லொத்தர் வருமானமும் போய்ச் சேர்கிறது. திகதி போடாத லொத்தர் சீட்டை யாரும் கண்டதுண்டா? சீட்டு வாங்குகிறவர் இரவே தன் அதிர்ஷ்டத்தைத் தெரிந்துகொள்கிறார். பட்டியலில் பெயர் ஏறிய மாணவருக்கோ தன் காசு எந்த நாளில் வரும் என்பதே தினசரி அதிர்ஷ்டச் சீட்டு.

சொல்லத் தொடங்கினால் இன்னும் வரும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக நாடு அறிவித்தது. அதன் பிறகு கடன் கொடுத்தவர்களோடு பேசிப் பேசி எழுதிய உடன்படிக்கைகளில், எந்தத் தவணை எந்த நாளில் என்ற விபரம் இல்லாமலா இருக்கும்? "வரும்போது வரும்" என்று அவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிக்கிறார்கள். புலமைப்பரிசில் வழங்கும் வைபவம் என்றால் மட்டும் திகதி, நேரம், பிரதம அதிதி எல்லாம் மூன்று கிழமைக்கு முன்னரே பதாகையில் வந்துவிடுகிறது. மேடையில் பிள்ளையின் கையில் கொடுக்கிற அந்தப் பெரிய காசோலை அட்டையை வீட்டுக்காரர் வாடகைக்கு எடுத்துக்கொள்வதில்லை.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாதமும் முதல் கிழமைக்குள், அந்த மாதப் பேர்சரியும் மகாபொலவும் எத்தனையாம் திகதி கணக்கில் விழும் என்று வளாகத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பிந்துமானால், பிந்தும் என்று எழுதிப் புதுத் திகதியையும் போடுங்கள். ஏன் பிந்துகிறது என்றுகூட நாங்கள் கேட்கமாட்டோம். இதற்கு அமைச்சரவைப் பத்திரமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. ஒரு தாளும் நான்கு ஊசியும் போதும்.

முடிந்தால் இன்னொன்று. காசு இரண்டு கிழமைக்கு மேல் பிந்தினால், பட்டியலில் பெயருள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாத வாடகையளவு முற்பணமாக நலன்புரி நிதியிலிருந்து கொடுத்து, பேர்சரி வந்ததும் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு எங்கும் போய்விடாது. பிள்ளையின் வங்கிக் கணக்கு இலக்கம் உங்களிடமே இருக்கிறது.

இவற்றைத் தவிர வேறு என்ன உதவிகள் உண்டு என்பதையும் ஒரே தாளில் தமிழில் போட்டால் புண்ணியம். கொடையாளர்கள் பெயரில் வழங்கும் பரிசில்கள், பழைய மாணவர்கள் தரும் உதவிகள் என்று இருப்பதை மூத்த மாணவர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் அறிகிறோம். அறியும்போது முடிவுத் திகதி கடந்திருக்கும். வாங்குகிற விண்ணப்பங்களுக்கு நீங்கள் திகதி வைக்கத் தவறுவதே இல்லை. 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தைப் பற்றியும் விசாரித்தோம். அது அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளைகள் வேறு நிறுவனங்களில் படிப்பதற்கு என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது நல்ல காரியம்தான். எங்கள் பிள்ளைகள் கெட்டித்தனமாகப் படித்து உள்ளே வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

இந்த மடலால் மகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக அவளுடைய பெயரையும் வளாகத்தின் பெயரையும் எழுதவில்லை. எந்த வளாகம் என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். பேர்சரி வாங்கும் பிள்ளைகள் படிக்கும் எல்லா வளாகங்களிலும் திகதியைப் போட்டுவிட்டால் எங்களுடையதும் அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்த மாத வாடகைக்கு வீட்டுக்கார அக்கா சொன்ன நாள் 5ஆம் திகதி. காசு அதற்கு முன்னர் வராவிட்டாலும், எத்தனையாம் திகதி வரும் என்ற அறிவித்தலையாவது அதற்கு முன்னர் பலகையில் போட்டுவிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மகள் அதைப் படமெடுத்து அக்காவிடம் காட்டுவாள்.

இப்படிக்கு,
இரண்டாம் வருட மாணவி ஒருத்தியின் தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு.