உதைப்பின் மேல் பழி போடாதே

அன்புள்ள கயல்,

துப்பாக்கிப் பயிற்சியில் நீ சுட்டதெல்லாம் நடுவட்டத்துக்குக் கீழே இடப்பக்கமாகவே விழுகிறது, பிஸ்டல் உதைக்கிற உதையில் குறி தவறிவிடுகிறது என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாய். உதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது, குழல்வாயை மேலே தூக்கும். உன் ரவைகளோ கீழே போகின்றன. அப்புறம் எப்படி அதன் மேல் பழி போடுவது?

மருந்து பற்றிய பிறகு 9 எம்.எம். ரவை குழலை விட்டு வெளியேற, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. துப்பாக்கி எகிறுவது உன் கைக்கு உறைக்கும்போது ரவை குழலில் இல்லை. ஆகவே குறியைக் கெடுப்பது உதைப்பு அல்ல. உதைக்கப் போகிறது என்று பயந்து கை முந்திக்கொள்கிறதே, அதுதான். சுட்டுவிரல் விசையை (டிரிகரை) இழுக்கும் அதே கணத்தில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, மணிக்கட்டு கீழே அமுக்குகிறது. வலக்கைக்காரர்களுக்கு ரவை பெரும்பாலும் கீழே இடது மூலையில் போய் நிற்கும். குறிபார்க்கும் சைட் கோணல் என்று சொல்லி, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் போகாதே, சிரிப்பார்.

இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுப் பார். உண்மையான ரவைகளுக்கு நடுவே வெடிக்காத டிரில் ரவைகள் ஒன்றிரண்டை வேறு யாராவது, ரவை அடைக்கும் மேகசினில் கலந்து போடட்டும். எது எப்போது வரும் என்று உனக்குத் தெரியக் கூடாது. வெடிக்காத ரவை வரும்போது துப்பாக்கி அப்படியே நிற்க வேண்டும். குழல்வாய் படக்கென்று குனிந்தால் திருடன் அகப்பட்டான்.

பிடிக்கு வருகிறேன். உங்களுக்குக் கொடுத்திருப்பது இஷாப்பூரில் செய்த பழைய பிரௌனிங் வகை, 13 ரவை கொள்ளும் பிஸ்டல் என்றாய். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதை, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு உயரத்தில் அமர முடியுமோ அவ்வளவு உயரத்தில் அமர வேண்டும். கை குழலுக்கு எத்தனை நெருக்கமோ, குழல்வாய் எகிறுவது அத்தனை குறையும். ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சதை கொஞ்சம் பிதுங்கி மேலே நின்றால், சுட்டதும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வரும்போது, பின்புறத்துச் சுத்தி அதைக் கவ்விக் கடித்துவிடும். கடி வாங்கியவர்கள் அடுத்த முறை பிடியைக் கீழே இறக்கிவிடுவார்கள், அதோடு எகிறலும் கூடிவிடும். சதையைத் தட்டையாகப் பரப்பி, பிடியின் உச்சியில் பின்னால் நீளும் வாலுக்கு அடியில் ஒட்ட வை, அது போதும்.

வலக்கை பிடித்த பிறகு பிடியின் இடப்பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும். அந்த இடத்தை இடது உள்ளங்கையின் அடிமேடு நிரப்ப வேண்டும். விரல்கள் வலக்கை விரல்களின் மேல் சுற்றி, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு அடியில் நெருங்கி நிற்கட்டும். இரண்டு கட்டைவிரல்களும் இடப்பக்கமாக முன்னோக்கி நீளட்டும். இடது கட்டைவிரலை மட்டும் ஒருபோதும் ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போடாதே, ஸ்லைடு கிழித்துவிடும். இறுக்கம் இடக்கையில் கூடுதலாக இருக்கட்டும். வலக்கை இறுகினால் சுட்டுவிரலும் விறைத்துப்போகும், விசை வழுவழுப்பாக வராது. நிறைகுடத்தை இடுப்பில் தாங்கும் கைபோல, விடாமல், ஆனால் நசுக்காமல் பிடி.

மணிக்கட்டு தொளதொளவென்று இருந்தால் வேறு தொல்லை. பிடியுள்ள அடிச்சட்டமும் சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, காலித் தோட்டா பாதியில் சிக்கி நிற்கும். துப்பாக்கி சரியில்லை என்பார்கள். மணிக்கட்டுதான் சரியில்லை. முழங்கையைப் பூட்டிவிடாதே, தோளைக் கொஞ்சம் முன்னால் கொடு.

நாங்கள் கற்றது பாயிண்ட் 303 ரைஃபிளில். அது தோளில் குத்தும். உதைப்பை வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று அதில் உடம்பே கற்றுக்கொண்டது. பிஸ்டலிலும் எகிறுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். எகிறிய முன் சைட் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறதா என்று மட்டும் பார். சுட்ட பிறகும் விசையை அழுத்தியபடியே சைட்டைக் கவனி. ஒவ்வொரு ரவைக்குப் பிறகும் பிடியைத் திருத்த வேண்டியிருந்தால் முதல் பிடியே தவறு என்று அர்த்தம்.

ரவை இல்லாமல் விசை இழுக்கும் பயிற்சிக்கு அனுமதி கேள். இந்த வகையில் மேகசின் செருகாவிட்டால் விசை வேலை செய்யாது, காலி மேகசின் தேவைப்படும். அதனால்தான் எச்சரிக்கிறேன்: செருகும் முன் மேகசினைக் கண்ணால் பார், தோட்டா அறையைப் பார், விரலை விட்டும் பார். பயிற்சி செய்யும் இடத்தில் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. காலித் துப்பாக்கியானாலும் ஆள் இருக்கும் பக்கம் திருப்பாதே.

காதடைப்பான் ஒழுங்காகப் போடுகிறாயா? பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கை வியர்க்கும், ஒரு துணி வைத்துக்கொள். அப்பா அதிரசம் கட்டி அனுப்பியிருக்கிறார். ஃபயரிங் இருக்கும் நாளில் காலையில் அதைத் தொடாதே, எண்ணெய்க் கையில் எந்தப் பிடியும் நிற்காது.

அன்புடன்,
அம்மா