பாறைப்பொடி மண்ணாகாது

ஆசிரியருக்கு,

உலக மண் நாளையொட்டி (டிசம்பர் 5) தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பாறை பொடிந்தால் மண் என்ற அளவில் நின்றுவிட்டது. கிரஷர் தூளும் பாறைப்பொடிதான். அதை யாரும் மண் என்பதில்லை. சேலம், தருமபுரிப் பக்கம் சாலைக்காக மேடு வெட்டிய இடங்களில் வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடியில் உளுத்துப்போன பாறை. நகத்தால் கீறினால் வெள்ளை பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மாவாக உதிரும். களிமண்ணாக மாறிக்கொண்டிருப்பது அதுதான். குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் மட்டும் அசையாது, மணலாகவே மிஞ்சும். கருப்புக் காக்காப்பொன்னில் (மைக்கா) உள்ள இரும்பு துருவேறுவதால் செம்மண்ணுக்கு அந்த நிறம். இதன்மேல் வேரும் இலைமக்கும் மண்புழுவும் சேர்ந்து உண்டாக்கிய கருத்த அடுக்கு, பல இடங்களில் ஒரு சாண்கூட இருப்பதில்லை. அதில் ஓர் அங்குலம் உருவாகவே பல நூறு ஆண்டுகள் பிடிக்கும்.

இனி இத்தகைய கட்டுரைகளோடு, அளவுகோல் வைத்து எடுத்த மண் வெட்டுமுகப் படம் ஒன்றை வெளியிடுங்கள். வாசகர் செய்து பார்க்க ஒரு சோதனையும் சேர்க்கலாம்: கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், பாட்டிலின் முக்கால் அளவு வரை தண்ணீர், சிறிது சோப்புத்தூள். குலுக்கி வைத்தால் ஓரிரு நிமிடங்களில் மணலும், சில மணி நேரத்தில் வண்டலும் படியும்; களி தெளிய ஒரு நாளுக்கு மேலாகும்.